திலகம் மாமி ஊற்றிய தண்ணீர்

சுவருக்குள் ஓடும் குழாய் "டொக், டொக்" என்று தட்டும் சத்தத்தில்தான் என் சின்ன வயதுக் காலைகள் விடிந்தன. லண்டனின் லூயிஷாமில், சந்தை கூடும் தெருவுக்குப் பின்னால் எங்கள் வீடு. மேல்மாடியில் யாராவது தண்ணீரைத் திறந்தால் கீழ் அறையில் எங்கள் தலைமாட்டுச் சுவர் தட்டும். அந்தத் தட்டலின் வேகத்தை வைத்தே, "திலகம் முகம் கழுவுறாள்", "இப்ப கேத்திலுக்குப் பிடிக்கிறாள்" என்று அம்மா போர்வைக்குள் இருந்தபடியே சொல்லிவிடுவார். குளியலறையில் சுடுதண்ணீருக்கு ஒரு குழாய், பச்சைத்தண்ணீருக்கு ஒரு குழாய். "ஒண்டு அவிக்கும், மற்றது கடிக்கும்" என்பது அப்பாவின் வர்ணனை. தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்திலின் அடியில் வெள்ளையாய்ப் படியும் சுண்ணாம்பைக் கரண்டியால் சுரண்டும்போதெல்லாம் அவர், "பார், எங்கட கிணத்துத் தண்ணி எங்களுக்கு முன்னமே விசா எடுத்து இஞ்சை வந்திட்டுது" என்பார். யாழ்ப்பாணத்துக் கிணறுகளிலும் அதே சுண்ணாம்புதான் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

எண்பதுகளின் நடுவில் அந்த வீட்டுக்கு நாங்கள் வந்து சேர்ந்தோம். கீழே குருநகரிலிருந்து வந்த கத்தோலிக்கர்களாகிய நாங்கள். மேலே கொக்குவிலிலிருந்து வந்த சைவர்களான திலகம் மாமியும் அவருடைய கணவரும். மாமி எங்களுக்கு இரத்த உறவில்லை. ஊரில் இருந்திருந்தால் இரண்டு குடும்பமும் ஒருவரை ஒருவர் கண்டிருக்கவே சந்தர்ப்பமில்லை. மாமி ஆஸ்பத்திரித் துணிகள் வெளுக்கும் லோண்டரி ஒன்றில் வேலை செய்தார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அம்மாவைவிட நாலைந்து வயது இளையவர், "ரோஸ் அக்கா, ரோஸ் அக்கா" என்று அம்மாவைச் சுற்றியே இருப்பார்.

குழாயில் வந்த தண்ணீரைத் தவிர அந்த வீட்டில் இன்னொரு தண்ணீரும் இருந்தது. எங்கள் அறை வாசலில், மாதா படத்துக்குக் கீழே, பழரசம் வந்த பழைய போத்தல் ஒன்றில் அம்மா "தீர்த்தம்" வைத்திருப்பார். உயிர்த்த ஞாயிறுக்கு முந்தின பாஸ்கு இரவில், மாதா கோயிலில் விளக்கையெல்லாம் அணைத்துப் பெரிய மெழுகுதிரி ஒன்றை ஏற்றி, அதைத் தண்ணீருக்குள் இறக்கிச் சுவாமியார் மந்திரிப்பாரே, அந்தத் தண்ணீர். பள்ளிக்கூடம் போக முதல் அதில் விரலைத் தொட்டு அம்மா என் நெற்றியில் சிலுவை போடுவார். அப்பா ஷிப்டுக்குப் போக முதல் அவருக்கும். போத்தல் பாதிக்குக் குறைய வந்தால் குழாய்த் தண்ணீரை ஊற்றி நிரப்பிவிடுவார். "அப்ப இது தீர்த்தமோ, தேம்ஸ் தண்ணியோ?" என்று அப்பா சீண்டுவார். அம்மா அசையமாட்டார். "பாலுக்குள்ளை ஒரு கரண்டி உறைமோர் விட்டால் முழுக்கத் தயிராகிறேல்லையோ? அதுமாதிரித்தான். பேசாமல் நெத்தியைக் காட்டுங்கோ." எனக்குத் தெரிந்த முதல் வேதபாடம் அந்த உறைமோர்தான்.

காலையில் வேலைக்கு ஓடும் வழியில் திலகம் மாமியும் எங்கள் கதவடியில் நின்று, "ரோஸ் அக்கா, எனக்கும் ஒரு சொட்டு" என்பார். அவருடைய நெற்றியில் ஏற்கெனவே திருநீறு இருக்கும். அதை அழித்துவிடாமல், பொட்டுக்கும் திருநீற்றுக்கும் இடையில் இடம் பார்த்து அம்மா சின்னதாய் ஒரு சிலுவை போட்டு அனுப்புவார்.

தண்ணீரைப் பற்றி அம்மாவிடம் கேட்டால் அவர் புத்தகத்தில் இருப்பதுபோலச் சொல்லத் தெரியாதவர், ஆனால் சொன்னால் மறக்காது. "மனிசன் ஒருக்கா தாயின்ர வயித்துத் தண்ணியிலை இருந்து வாறான். அது சாகிறதுக்கு வாற பிறப்பு. ஞானஸ்நானத் தண்ணியிலை இருந்து இன்னொருக்கா வாறான். அதுக்குச் சாவு இல்லை. அதாலைதான் அதை ஒருக்கால் மட்டும் செய்யிறது." அந்த "ஒருக்கால் மட்டும்" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு அம்மா ஒரு நாள் தன் சொந்த அண்ணனோடேயே மல்லுக்கு நிற்க வேண்டி வரும் என்று அப்போது யாருக்குத் தெரியும்.

எனக்கு எட்டு வயது. அம்மா தம்பியைச் சுமந்துகொண்டிருந்தார். பிள்ளை பிறக்க இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது. ஒரு மாசி மாதக் காலை, அப்பா எங்கள் அகதி வழக்குக்காகக் குரோய்டனில் இருக்கும் பெரிய அரசாங்கக் கட்டடத்துக்கு இருட்டோடேயே போய் வரிசையில் நின்றுவிட்டார். நான் பள்ளிக்கூடம் போய்விட்டேன். அதன் பிறகு அம்மாவுக்கு வலி வந்து, திலகம் மாமிதான் லோண்டரிக்குப் போகாமல் அம்புலன்சில் கூடப் போனார். ஆகவே இனிச் சொல்வதை நான் கண்ணால் காணவில்லை. ஆனால் அம்மா ஒரு விதமாகவும் மாமி ஒரு விதமாகவும் எத்தனையோ முறை சொல்லக் கேட்டதில், நானும் அந்த ஆஸ்பத்திரி வாட்டில் ஒரு மூலையில் நின்றேன் என்றே என் மனம் நம்புகிறது.

பிள்ளையை வயிற்றை வெட்டித்தான் எடுத்தார்கள். ஒரு கைக்குள் அடங்கும் பிள்ளை. மூச்சு விடக் கஷ்டப்படுகிறது என்று கண்ணாடிப் பெட்டி ஒன்றுக்குள் வைத்து வேறு வாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அம்மாவுக்குக் கண்ணைத் திறக்க முடிந்தபோது, டொக்டர் வந்து மெதுவாக ஏதோ சொன்னார். அம்மாவுக்கு ஆங்கிலம் அரைகுறை. ஆனால் அந்தக் குரலின் மெதுமையே அவருக்குப் போதுமாக இருந்தது. ஆஸ்பத்திரிக்கென்று இருந்த பாதிரியார் அன்று பின்னேரம்தான் வருவாராம். அப்பாவுக்கு அறிவிக்க வழியில்லை. அம்மாவால் புரளக்கூட முடியாது.

அம்மா திலகம் மாமியின் கையைப் பிடித்தார். "நீ போய்த் தண்ணி ஊத்து."

"நானோ? நான் சைவம் அக்கா."

"தெரியும். ஆபத்துக்கு ஆரும் ஊத்தலாம். எங்கட வேதத்திலை அதுக்கு இடமிருக்கு."

"என்ர கையாலை ஊத்தி உங்கட சாமி கோவிச்சாரெண்டால்?"

"பிள்ளை தாகத்திலை கிடக்கேக்கை, ஆர் தண்ணி கொண்டந்தது எண்டு தேப்பன் பாக்கிறதோ? போ திலகம். நெத்தியிலை மூண்டு தரம் ஊத்து. தொட்டு வைக்காதை, தண்ணி ஓட வேணும். பேர் அன்ரன்."

பிறகு சொல்ல வேண்டிய அந்த ஒரு வரியையும் சொல்லிக் கொடுத்தார். கடைக்கு அனுப்பின பிள்ளை சாமான்களின் பெயரை மறந்துபோகாமல் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போகுமே, அப்படியே தானும் அந்த நீண்ட நடைவழி முழுக்க "பிதா சுதன் பரிசுத்த ஆவி" என்று முணுமுணுத்துக்கொண்டு போனதாக மாமி சொல்வார். எதிரே வந்தவர்கள் விலகி வழி விட்டார்களாம். அங்கே நின்ற ஜமேக்கா நேர்ஸ் ஒருவரிடம் மாமி தலையில் தண்ணீர் ஊற்றுவதுபோல் கையால் காட்ட, அந்த மனிசிக்கு உடனே விளங்கிவிட்டது. சின்னக் கிண்ணமொன்றில் இளஞ்சூடாகத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, பிள்ளையின் கம்பளித் தொப்பியைக் கழற்றி, பெட்டியின் பக்கத்துத் துவாரத்துக்குள்ளால் கையை எப்படி விடுவதென்று காட்டி, தானும் தலை குனிந்து நின்றிருக்கிறார். மாமி ஊற்றினார். பெயரைச் சொன்னார். வரியைச் சொன்னார். திரும்பி வந்து, "ஊத்திப்போட்டன் அக்கா, ஓடினது" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கட்டில் காலடியில் இருந்து அழுதாராம்.

தம்பி பிழைத்துக்கொண்டான். உடனே இல்லை. இரண்டு எட்டு முன்னுக்கு, ஒரு எட்டுப் பின்னுக்கு என்று பல கிழமைகள் அந்தப் பெட்டிக்குள் கிடந்து, இளவேனில் வந்து மரங்கள் தளிர்க்கும் நேரத்தில் வீட்டுக்கு வந்தான். அவனைப் பார்க்க லண்டனின் மறுகோடியில் இருக்கும் ரெய்னர்ஸ் லேனிலிருந்து அல்பிரட் மாமா வந்தார்.

அல்பிரட் மாமா அம்மாவின் மூத்த அண்ணன். எழுபதுகளிலேயே படிக்க வந்து, எஞ்சினியராகி, எங்களையும் கூப்பிட்டு அந்த அறையைப் பிடித்துத் தந்தவர். நல்ல மனிதர். ஆனால் எந்தக் காரியத்தையும் மண்டபம் பிடித்துத்தான் செய்வார். தம்பியின் ஞானஸ்நானத்துக்கு அவர் ஏற்கெனவே மண்டபம் பேசி, வீடியோக்காரரையும் பேசி, கேக்குக்கும் சொல்லிவிட்டிருந்தார். மாதத்துக்கு ஒருமுறை தமிழ்ப் பூசை வைக்க வரும் சுவாமியாரையும் கேட்டாயிற்று. அம்மா, "ஞானஸ்நானம் முடிஞ்சுது அண்ணை" என்றபோது அவருக்கு முதலில் விளங்கவில்லை.

"அது சும்மா பயத்திலை ஊத்தினது தங்கச்சி. அதுவும் ஒரு சைவப் பிள்ளை. இப்ப முறையாச் செய்வம்."

"முறையாத்தான் செய்தவள்."

"நீ பாத்தனியோ? தண்ணி பட்டுதோ, வசனம் சரியாச் சொன்னவளோ, என்ன நினைச்சு ஊத்தினவளோ, ஆருக்குத் தெரியும்? பிள்ளையின்ர ஆத்துமம். அதிலை ஒரு சந்தேகம் இருக்கக் கூடாது. பிழையாப் போனால் ஆர் பொறுப்பு?"

அவர் கெட்ட எண்ணத்தில் பேசவில்லை. பயந்துதான் பேசினார் என்பது இப்போது எனக்குத் தெரிகிறது. அம்மாவோ பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு மெல்லிய குரலில் சொன்னார்: "அண்டைக்கு அவன் போயிருந்தால் அதுதானே அண்ணை அவன்ர ஞானஸ்நானம்? அந்தத் தண்ணியை நம்பித்தானே அவனை அனுப்பியிருப்பன்? பிழைச்ச குற்றத்துக்கு அது தண்ணி இல்லையெண்டு போகுமோ?"

மாமாவின் சந்தேகம் போகவில்லை. சுவாமியார் வந்து விசாரித்துச் சொல்லட்டும், அவர் திரும்ப ஊற்ற வேணுமென்றால் ஊற்றுவது என்று முடிவாயிற்று. அம்மா அதற்குச் சம்மதித்தாரே தவிர, அந்த வாரம் முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் காலையில் பிள்ளையைக் கடவுளின் கையில் கொடுத்துவிட்டேன் என்ற ஒரு நிச்சயத்தில்தான் அவர் அத்தனை கிழமையும் நிமிர்ந்து நின்றார். அதை இப்போது வேறொருவர் வந்து ஆம், இல்லை என்று சொல்லப் போகிறார்.

இதற்குள் இன்னொன்றும் நடந்தது. திலகம் மாமி எங்கள் கதவடியில் நிற்பதை விட்டுவிட்டார். காலையில் குழாய் தட்டும். படியில் இறங்கும் சத்தம் கேட்கும். அப்படியே வாசல் கதவு சாத்தும். "ஒரு சொட்டு" இல்லை. "அண்ணையின்ர கதை அவளின்ர காதிலை விழுந்திட்டுது" என்று அம்மா கலங்கினார். சுவாமியார் வரும் நாளைச் சொல்லப் போனபோது மாமி, "எனக்கு அண்டைக்கு ஷிப்ட் அக்கா" என்றாராம், அம்மாவின் முகத்தைப் பார்க்காமல்.

சுவாமியார் ஒரு சனிக்கிழமை வந்தார். தலை நரைத்த, கட்டையான மனிதர். குளிருக்குப் போட்ட மேலங்கியைக் கழற்றாமலே சமைக்கிற குசினியிலேயே மேசையடியில் இருந்து தேத்தண்ணீர் குடித்தார். அப்பாவும் அல்பிரட் மாமாவும் ஆளுக்கொரு கதிரையில். அம்மா தம்பியோடு நின்றார். நான் பிஸ்கட் தட்டை வைத்துவிட்டுப் போகாமல் அங்கேயே நின்றேன், யாரும் கலைக்கவில்லை. மேலே குழாய் தட்டியது.

"ஆள் வீட்டிலைதான் நிக்குது" என்றார் சுவாமியார், மேலே பார்த்து. "கூப்பிடுங்கோ, நான் கடிக்க மாட்டன்."

அப்பா போய்க் கூட்டி வந்தார். மாமி ஈரக் கையைச் சீலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு கதவோரம் நின்றார். சுவாமியார் இருக்கச் சொல்ல, இருக்கவில்லை.

"பிள்ளை, தண்ணி தொட்டு வைச்சனீரோ, ஊத்தினனீரோ?"

"ஊத்தினனான் சுவாமி. எங்கட கோயிலிலையும் அபிசேகம் எண்டால் வழிய வேணும். நெத்தியிலை இருந்து காதுப்பக்கம் வழிஞ்சுது."

"என்ன சொல்லி ஊத்தினனீர்?"

மாமி சொன்னார். ஒரு எழுத்துப் பிசகாமல் வந்தது. அல்பிரட் மாமாவின் புருவம் கொஞ்சம் இறங்கியது.

"என்ன நினைச்சு?"

"எனக்கு உங்கட வேதம் தெரியாது சுவாமி. ரோஸ் அக்கா எதை நினைச்சு அனுப்பினாவோ, அது நடக்க வேணுமெண்டு நினைச்சன்."

சுவாமியார் தலையை ஆட்டினார். அது முடிந்துவிட்டது என்று எல்லாரும் நினைத்த நேரத்தில் மாமி விம்மத் தொடங்கினார். "ஆனால் ஒரு பிழை விட்டிட்டன் சுவாமி. அக்காட்டைச் சொல்லேல்லை. சொல்லப் பயம்."

அம்மாவின் கை தம்பியை இறுக்கியது எனக்குத் தெரிந்தது.

"வழிஞ்ச தண்ணியைக் கீழை விட எனக்கு மனம் வரேல்லை. கையிலை ஏந்தி… குடிச்சுப்போட்டன். மிச்சத்தைத் தலையிலை தடவினன். யோசிச்சுச் செய்யேல்லை, கோயிலிலை தீர்த்தம் வாங்கிற பழக்கம், கை தன்ரபாட்டிலை போட்டுது. பிள்ளையின்ர தண்ணியை நான் குடிச்சதாலைதான் பலிக்காமல் போச்சுதோ, திரும்ப ஊத்தக் கேக்கினமோ எண்டு…"

இத்தனை நாளும் கோபம் என்று நினைத்தது மாமியின் பயம் என்று அந்தக் கணம்தான் அம்மாவுக்குத் தெரிந்தது.

சுவாமியார் தேத்தண்ணீர்க் கோப்பையை வைத்தார். "தண்ணி முதல் பிள்ளையிலை பட்டுத்தானே உம்முடைய கைக்கு வந்தது?"

"ஓம்."

"அப்ப பிள்ளைக்குப் போக வேண்டியது போட்டுது. மிச்சத்துக்குக் கணக்குக் கேக்கிற ஆள் நானில்லை." பிறகு அல்பிரட் மாமாவின் பக்கம் திரும்பி, "இதுக்கு மேலை நான் தண்ணி ஊத்தினால் எனக்குத்தான் பாவம், அல்பிரட். நடந்தது நடந்ததுதான். எண்ணெய் பூசுறது, வெள்ளை உடுப்பு, மெழுகுதிரி, அதெல்லாம் மிச்சம் கிடக்கு. அதைக் கோயிலிலை வைச்சுச் செய்வம்" என்றார்.

மாமா தொண்டையைச் செருமி, "அப்ப மண்டபம்? கேக் வெட்டலாம்தானே?" என்று கேட்டார். அப்பாதான் முதலில் சிரித்தார். அம்மா தம்பியை அப்படியே திலகம் மாமியின் கையில் கொடுத்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பி நின்று அழுதார்.

கோயிலில் அந்த நாள் ஒரு வேடிக்கையும் நடந்தது. வெளிச்ச லைட்டும் தோளில் பெட்டியளவு கமெராவுமாக வந்திருந்த வீடியோக்காரர் ஞானஸ்நானத் தொட்டியடியில் நல்ல இடம் பிடித்து நின்றார். எண்ணெய் ஆயிற்று, வெள்ளை உடுப்பு ஆயிற்று, மெழுகுதிரியும் ஆயிற்று. அவர் பொறுக்க மாட்டாமல், "சுவாமி, தண்ணி ஊத்துற கட்டம் எப்ப வரும்?" என்று கேட்டுவிட்டார். சுவாமியார், "அது முடிஞ்சுது தம்பி. நீர்தான் பிந்தீட்டீர்" என்றார். கோயிலே சிரித்தது. ஞானத்தாயாக நின்ற மாமாவின் மனைவிக்குப் பக்கத்தில் திலகம் மாமியும் முன்வரிசையில் இருந்தார். கூட்டிப் போய் அங்கே இருத்தியவர் அல்பிரட் மாமாதான். மண்டபத்தில் அவர் மேசை மேசையாய்ப் போய், "எங்கட மருமகனுக்கு ஆஸ்பத்திரியிலையே ஞானஸ்நானம், தெரியுமோ?" என்று தானே நேரில் நின்று பார்த்ததுபோல் சொல்லிக்கொண்டு திரிந்தார். திங்கட்கிழமை காலை குழாய் தட்டியது. கொஞ்சத்தில் எங்கள் கதவும் தட்டியது.

கடவுளுடைய கொடையைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். எனக்கு விளங்கியது அந்தக் குசினியில் விளங்கியதுதான். கொண்டுவந்து கொடுக்கிறவருடைய தகுதி பார்த்து வருவதில்லை அது, வாங்குகிறவனின் பலம் பார்த்தும் வருவதில்லை. தண்ணீர் பள்ளத்தை நோக்கி வருவதுபோல், எங்கே தேவையோ அங்கே வருகிறது. வழியில் யாருடைய கை இருந்தாலும் அதையும் நனைத்துக்கொண்டு வருகிறது.

இப்போது அந்த வீடு இல்லை. அந்த வரிசை வீடுகளை இடித்து உயர்ந்த மாடிகள் கட்டிவிட்டார்கள். புது மாடிகளில் எந்தச் சுவரும் யாருடைய விழிப்பையும் சொல்வதில்லை. குழந்தைகள் வாட்டு இருந்த கட்டடமும் போயிற்று. சுவாமியார் ஊருக்குத் திரும்பி அங்கேயே கண்ணை மூடினார். அல்பிரட் மாமாவும் போய்விட்டார். மாதமொருமுறை, இரவல் வாங்கிய கோயிலில், ஒரு தமிழ்ப் பூசைக்காக லண்டனின் எல்லா மூலையிலிருந்தும் ரயில் பிடித்து வந்து, வாசலில் குளிரில் நின்று கதைத்த அந்தக் கூட்டமும் இன்று கார்களில் வந்து கார்களில் போகிறது. அந்த நேர்ஸின் பெயரைக்கூட நாங்கள் கேட்டு வைக்கவில்லை. அவருக்கு நன்றி சொல்லாதது மட்டும் ஒரு குறை.

திலகம் மாமி இருக்கிறார். தலை முழுக்க வெள்ளை; முழங்கால் ஏலாது. கணவர் போன பிறகு, பாஸ்குக்கும் பொங்கலுக்கும் தம்பிதான் போய் ஏற்றி வருவான். போன பாஸ்கு அன்று எங்கள் வீட்டில் எல்லாரும் மத்தியானச் சாப்பாட்டில் இருந்தோம். காலையில் பூசையில் யாரோ ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்திருந்தது, அதைப் பார்த்துவிட்டு வந்த என் மகள் தம்பியிடம், "மாமா, உங்களுக்கு எந்தச் சேர்ச்சிலை ஞானஸ்நானம் குடுத்தது?" என்று கேட்டாள்.

தம்பி சோற்றைக் குழைத்தபடி, தலை நிமிராமல் சொன்னான்: "சேர்ச்சிலை இல்லை. மாமியின்ர கையிலை."

மகள் எழும்பிச் சுற்றிப் போய், திலகம் மாமியின் வலது கையைப் பிடித்து விரித்து, கிட்டக் குனிந்து பார்த்தாள்.

"விடு பிள்ளை" என்றார் மாமி. "கையெல்லாம் பருப்புக்கறி பிரண்டு கிடக்கு."